பொலிரோ பிக்கப் கேபினில் தவில் அடி கேட்கவில்லை: எங்கிருந்து தொடங்குவது?

ஆத்தங்குடி லோடு

அண்ணன்மார்கள் எல்லோருக்கும் வணக்கம். எனக்கு ஊர் காரைக்குடிப் பக்கம். சொந்தமாக ஒரு பொலிரோ பிக்கப் வைத்திருக்கிறேன், சிங்கிள் கேபின், செகண்ட் ஹேண்டில் எடுத்தது. ஆத்தங்குடிப் பட்டறைகளில் டைல்ஸ் ஏற்றிக்கொண்டு கோயம்புத்தூர், திருச்சி, சில சமயம் பெங்களூரு வரை போவேன்.

இந்தக் கல் ஏற்றினால் வண்டியை விரட்ட முடியாது. கண்ணாடி மேல் வார்த்து, தண்ணீரில் ஊறப்போட்டுக் காயவைத்த கல். பூ விழுந்த முகங்கள் ஒன்றையொன்று பார்க்கிற மாதிரி நிறுத்தி, இடையில் வைக்கோல் செருகி அடுக்குவோம். ஒரு பள்ளத்தில் சக்கரம் தடாரென்று இறங்கினால் மூலை தெறித்துவிடும். மூலை போன கல்லைப் பார்ட்டி எடுக்க மாட்டார், காசு நம் கையை விட்டுப் போகும். அதனால் திருப்பத்தூர், சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல், பழநி என்று ராத்திரி முழுக்க உருட்டிக்கொண்டே போக வேண்டியதுதான். கூட ஆள் கிடையாது. பாட்டுத்தான் துணை.

நான் அதிகம் கேட்பது மேளம். எங்கள் தாத்தா கோயில் திருவிழாக்களில் விடிய விடிய உட்கார்ந்து நாதஸ்வரம் கேட்கிற ஆள், என்னையும் மடியில் வைத்துக்கொள்வார். காருகுறிச்சி அருணாசலம் வாசித்த பழைய ரெக்கார்டிங்குகள் ஒரு பென்டிரைவ் நிறைய இருக்கின்றன. வீட்டில் போட்டுக் கேட்டால் தவிலில் உயர்ந்த ஒலி தரும் வலந்தலையில் விழும் விரலும் தாழ்ந்த ஒலி தரும் தொப்பியில் விழும் கழியும் தனித்தனியாகக் கேட்கும். வண்டியில் போட்டால் விரல் மட்டும் டிக் டிக்கென்று வருகிறது. கழி அடியைக் காணோம். நாதஸ்வரமோ காதைக் குத்துகிறது.

இப்போது வண்டியில் இருப்பது: முந்தின ஓனர் இரண்டு கதவிலும் ஓட்டை போட்டு மாட்டிய 6 இஞ்ச் ஸ்பீக்கர் (300 வாட்ஸ் என்று ஸ்டிக்கர்), டாஷ்போர்டு மேல் இரண்டு டுவீட்டர் (உயர்ந்த ஒலிக்கான சின்ன ஸ்பீக்கர்), சீட்டுக்கு அடியில் 1000 வாட்ஸ் என்று எழுதிய ஒரு ஆம்ப்ளிஃபயர். ஆம்ப்ளிஃபயருக்குக் கரண்டை சிகரெட் லைட்டர் சாக்கெட்டிலிருந்து எடுத்திருக்கிறார்கள். ஆக்ஸிலேட்டர் மிதித்தால் ஸ்பீக்கரில் 'ஙொய்ய்ங்' என்று ஒரு சத்தம் கூடவே ஏறி இறங்குகிறது. இன்னொன்று, எனக்குப் புரியாத விஷயம்: பேலன்ஸை முழுக்க வலப் பக்கம் தள்ளினால் சத்தம் கொஞ்சம் கனமாக வருகிறது. இடப் பக்கம் தள்ளினாலும் அப்படித்தான். நடுவில் வைத்தால் சப்பென்று ஆகிவிடுகிறது.

ஒரு கடையில் கேட்டேன். எல்லாவற்றையும் கழற்றிவிட்டு சீட்டுக்குப் பின்னால் 12 இஞ்ச் பேஸ் டியூபும் (தாழ்ந்த ஒலிக்கான உருளை ஸ்பீக்கர் பெட்டி) பெரிய ஆம்ப்ளிஃபயரும் போடச் சொல்கிறார்கள். கையில் 20,000 ரூபாய் வைத்திருக்கிறேன். கதவே அதிர வேண்டும் என்ற ஆசையெல்லாம் எனக்கு இல்லை, தவில் தவிலாகக் கேட்டால் போதும். எதை முதலில் செய்யலாம்?

தேவகோட்டை ரஸ்தா

தம்பி, டியூப் மட்டும் வேண்டாம். என் மச்சான் பிக்கப்பில் அதைத்தான் போட்டிருக்கிறார். சிங்கிள் கேபினில் சீட்டுக்குப் பின்னால் இடம் எங்கே இருக்கிறது? சீட்டை முன்னால் தள்ளித்தான் டியூபைச் செருக முடிந்தது. முட்டி ஸ்டீயரிங்கில் இடிக்கிறது, திண்டுக்கல் போவதற்குள் இடுப்பு பிடித்துக்கொள்கிறது. ஜாக்கியும் லிவரும் எடுக்க வேண்டுமென்றால் டியூபைக் கழற்ற வேண்டும். பேஸ் என்னவோ வருகிறது, ஆனால் ஒரே 'டும்'தான். எந்தப் பாட்டுக்கும் அதே டும்.

சீட்டுக்கு அடியில் வைக்கிற தட்டையான 8 இஞ்ச் சப் வூஃபர், அதாவது தாழ்ந்த ஒலிக்கான ஸ்பீக்கர், கிடைக்கிறது, ஆம்ப்ளிஃபயர் உள்ளேயே இருக்கும். அதைப் பாருங்கள். வாங்கும் முன் சீட்டுக்கு அடியில் உள்ள உயரத்தை டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். சீட் ஃபிரேம் அமுங்கும்போது இடிக்கக் கூடாது.

மைக்செட் காரைக்குடி

தம்பி, நீங்கள் எதையும் வாங்குவதற்கு முன்னால் ஒரு பென்டார்ச் செல் எடுத்துக்கொள்ளுங்கள். 1.5 வோல்ட், கடிகாரத்தில் போடுகிற செல் போதும்.

நான் இருபது வயதில் மைக் செட்டில் சேர்ந்தவன். குழாய் ஸ்பீக்கர் கட்டி, ஆம்ப்ளிஃபயர் சுமந்து, பள்ளத்தூர், கானாடுகாத்தான், கோட்டையூர் வீட்டுக் கல்யாணங்களில் எல்லாம் வேலை பார்த்தேன். இப்போது வண்டிகளுக்கு சவுண்டு செய்கிறேன். பேலன்ஸ் பற்றி நீங்கள் போகிறபோக்கில் எழுதியதுதான் உங்கள் வண்டியின் வியாதியே. ஒரு பக்கம் தள்ளினால் கனம், நடுவில் வைத்தால் சப். அப்படியானால் ஒரு ஸ்பீக்கருக்குப் பிளஸ் மைனஸ் மாறியிருக்கிறது.

என்ன நடக்கிறது என்றால், வலது ஸ்பீக்கரின் கோன் (நடுவில் அசையும் கூம்பு) முன்னால் வரும் அதே நேரத்தில் இடது கோன் பின்னால் போகிறது. ஒன்று காற்றைத் தள்ள, மற்றது இழுக்க, தாழ்ந்த ஒலி இரண்டுக்கும் நடுவில் செத்துவிடுகிறது. உயர்ந்த ஒலிக்கு அலை நீளம் குறைவு, அதனால் அது அங்கங்கே தப்பிப் பிழைக்கும். உங்களிடம் இருப்பது பழைய மோனோ ரெக்கார்டிங் வேறு. மோனோ என்றால் இரண்டு பக்கமும் வருவது ஒரே சிக்னல். அதனால் அழிவதும் நன்றாக அழியும். கழி அடி போய் விரல் மட்டும் மிஞ்சியதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். இந்த நிலைமையில் 12 இஞ்ச் டியூப் போட்டாலும் கதவு ஸ்பீக்கர்கள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டுதான் இருக்கும்.

சோதிக்கும் முறை சுலபம். ஆம்ப்ளிஃபயரிலிருந்து ஸ்பீக்கர் ஒயர்களைக் கழற்றுங்கள். பிளஸ் ஒயரை செல்லின் மொட்டிலும் மைனஸ் ஒயரை அடியிலும் ஒரு நொடி தொட்டு எடுங்கள். 'டக்' என்று ஒரு சத்தம் வரும். கிரில்லைக் கழற்றிவிட்டு இன்னொருவரை கோனைப் பார்க்கச் சொல்லுங்கள். வெளியே வந்தால் சரி, உள்ளே போனால் தலைகீழ். இரண்டு கதவிலும் செய்து பாருங்கள். மாறியிருந்தால் ஆம்ப்ளிஃபயர் முனையில் அந்த இரண்டு ஒயரை மாற்றிப் போட்டால் முடிந்தது. காசு செலவில்லை.

அடுத்தது அந்த 'ஙொய்ய்ங்'. எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கினால் அது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரிலிருந்து வருகிறது. எஞ்சினை ஆஃப் செய்து சாவியை மட்டும் போட்டுக் கேட்டால் இருக்காது. எஞ்சின் ஓடும்போது ஆம்ப்ளிஃபயரின் ஆர்சிஏ பின்னை (ஸ்டீரியோவிலிருந்து பாட்டு சிக்னல் வரும் ஒயரின் முனை) பிடுங்கிப் பாருங்கள். சத்தம் நின்றால் அது ஸ்டீரியோ பக்கமிருந்து ஆர்சிஏ ஒயர் வழியாக வருகிறது. நிற்காவிட்டால் ஆம்ப்ளிஃபயரின் கரண்ட் ஒயரிலோ எர்த்திலோ கோளாறு. நான் பார்த்தவரை பத்து வண்டி வந்தால் பெரும்பாலானவற்றில் எர்த்துதான். பெயிண்ட் மேலேயே ஸ்குரூவை முடுக்கி வைத்திருப்பார்கள். பெயிண்டைச் சுத்தமாக உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இரும்பு பளபளவென்று தெரிந்த பிறகு, ஒயர் முனையில் வளைய லக்ஸ் அடித்து போல்ட் நட்டில் இறுக்குங்கள். மேலே கொஞ்சம் வாசலின் தடவினால் துரு பிடிக்காது. ஸ்டீரியோவின் எர்த்தையும் அதே இடத்துக்குக் கொண்டுவந்தால் இன்னும் நல்லது. ஆர்சிஏ ஒரு பக்கம், பவர் ஒயர் மறு பக்கம் போக வேண்டும். இரண்டையும் சேர்த்து டேப் சுற்றக் கூடாது.

சிகரெட் லைட்டர் சாக்கெட்டிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்குக் கரண்ட் எடுத்திருப்பது எனக்கு நிஜமாகவே பயமாக இருக்கிறது தம்பி. அந்த ஒயர் லைட்டர், போன் சார்ஜர் மாதிரி சின்ன வேலைக்குப் போட்டது. அதில் தொடர்ந்து ஆம்பியர் இழுத்தால் சூடாகும், பின்னால் வைக்கோல் வேறு ஏற்றியிருக்கிறீர்கள். முதலில் அதைக் கழற்றுங்கள். ஆம்ப்ளிஃபயருக்கு நேராக பேட்டரியிலிருந்துதான் ஒயர் வர வேண்டும். பேட்டரி முனையிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் ஒரு ஃபியூஸ். எஞ்சின் பக்கத்துத் தகட்டைத் தாண்டி உள்ளே வரும் இடத்தில் கட்டாயம் ரப்பர் குரோமெட் (ஓட்டை விளிம்பில் மாட்டும் வளையம்). தகட்டு விளிம்பு ஒயரின் தோலை மெல்ல மெல்ல அறுத்துவிடும். ஃபியூஸ் இல்லாமல் அங்கே ஒயர் ஷார்ட் ஆனால் அணைக்க ஒரு வழியும் கிடையாது.

உங்கள் 1000 வாட்ஸ் ஆம்ப்ளிஃபயரில் ஃபியூஸ் எத்தனை என்று பார்த்துச் சொல்லுங்கள். ஸ்டிக்கரை நம்ப வேண்டாம், ஃபியூஸை நம்பலாம்.

ஆத்தங்குடி லோடு

அண்ணே, கையெடுத்துக் கும்பிடுகிறேன். செல் வைத்துப் பார்த்தேன். வலப் பக்கம் வெளியே வந்தது, இடப் பக்கம் உள்ளே போனது. மாற்றிப் போட்டு காருகுறிச்சியாரை ஓடவிட்டேன். கழி அடி கேட்கிறது! வீட்டில் கேட்கிற அளவுக்கு இல்லை, ஆனால் கேட்கிறது. நாதஸ்வரமும் இதுவரை கதவோரமாக எங்கிருந்தோ வந்தது, இப்போது கண்ணாடிக்கு நேர் எதிரே நின்று வாசிக்கிற மாதிரி இருக்கிறது.

எர்த்தும் நீங்கள் சொன்னபடியேதான், பெயிண்ட் மேல் ஒரு தகர ஸ்குரூ. சுரண்டி இறுக்கிய பிறகு 'ஙொய்ய்ங்' முக்கால்வாசி போய்விட்டது. சாக்கெட் ஒயரைக் கழற்றிவிட்டேன், இப்போதைக்குத் தெரிந்த எலக்ட்ரீஷியன் பேட்டரியிலிருந்து ஃபியூஸோடு தனி ஒயர் இழுத்துக் கொடுத்தார்.

ஆம்ப்ளிஃபயரில் இருக்கும் ஃபியூஸ் 15 ஆம்பியர்.

20,000 ரூபாய் அப்படியே இருக்கிறது. இனி எதற்குச் செலவு செய்யலாம், அல்லது செய்யவே வேண்டாமா? தார் ரோட்டில் 50க்கு மேல் போனால் டயர் சத்தத்திலும் எஞ்சின் சத்தத்திலும் மேளம் அமுங்கிப்போகிறது. வால்யூமை ஏற்றினால் ஸ்பீக்கர் கரகரக்கிறது.

மைக்செட் காரைக்குடி

சந்தோஷம் தம்பி. கணக்கைப் பாருங்கள். எஞ்சின் ஓடும்போது சுமார் 13.8 வோல்ட். அதை 15 ஆம்பியரால் பெருக்கினால் 207 வாட்ஸ். அந்த டப்பா உள்ளே இழுப்பதே அவ்வளவுதான். அது பழைய ஏபி கிளாஸ் ஆம்ப்ளிஃபயராக இருந்தால் அதில் பாதியளவு சூடாகவே போய்விடும். மிச்சம் நூறு வாட்ஸ் சொச்சம், அதையும் எல்லா சேனலும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். 1000 எங்கிருந்து வரும்? ஆர்எம்எஸ் (தொடர்ந்து கொடுக்கக்கூடிய வாட்ஸ்) என்று எழுதியிருக்கும் எண் ஒன்றுதான் நமக்குக் கணக்கு. அதேபோல ஸ்டீரியோவில் 50 × 4 என்று போட்டிருக்கும், உள்ளே இருக்கும் சில்லு ஒரு சேனலுக்கு உருப்படியாகக் கொடுப்பது 20 வாட்ஸ் அளவுதான்.

என்னைக் கேட்டால் முதல் செலவு கதவுக்கு. ஸ்பீக்கரின் முன்பக்கத்திலிருந்து வரும் ஒலியும் பின்பக்கத்திலிருந்து வரும் ஒலியும் ஒன்றுக்கொன்று எதிர். பின்பக்க ஒலி கதவுக்குள்ளேயே அடைபட வேண்டும். உங்கள் கதவின் உள்மூடியான டிரிம்மைக் கழற்றிப் பாருங்கள், உள் தகட்டில் கை நுழைகிற அளவுக்குப் பெரிய ஓட்டைகள் இருக்கும். பின்பக்க ஒலி அந்த ஓட்டை வழியாக வந்து முன்பக்க ஒலியை அழிக்கிறது. தோல் கிழிந்த தவிலை எவ்வளவு ஓங்கி அடித்து என்ன பயன்?

பியூட்டைல் ஷீட் என்று கேட்டு வாங்குங்கள், ஒரு பக்கம் அலுமினியம் ஒட்டியிருக்கும். தார் ஷீட் விலை குறைவு, ஆனால் நம்ம ஊர் சித்திரை வெயிலில் இளகி நாறும், ஒழுகவும் செய்யும். கதவின் வெளித்தகட்டின் உட்பக்கத்தைத் தின்னர் போட்டுத் துடைத்து, செம்மண் தூசி ஒரு பொட்டு இல்லாமல் செய்த பிறகு ஒட்டி, ரோலரால் அழுத்தித் தேய்க்க வேண்டும். முழுத் தகட்டையும் மூட வேண்டியதில்லை, நடுவில் அதிரும் இடம் அடங்கினால் போதும். தட்டிப் பார்த்தால் தெரியும்: ஒட்டுவதற்கு முன் தகர டின் மாதிரி 'டண்' என்று இருந்த கதவு, ஒட்டிய பிறகு 'தொப்' என்று வரும். பிறகு உள் தகட்டின் ஓட்டைகளை மூடுங்கள். பெரிய ஓட்டைக்கு மெல்லிய அலுமினியத் தகடு வெட்டி வைத்து அதன் மேல் ஷீட். கதவின் அடியில் மழைத் தண்ணீர் வடியச் சின்ன ஓட்டைகள் இருக்கும். அவற்றை மட்டும் தொடவே கூடாது, அடைத்தால் கதவு உள்ளேயே துருப்பிடித்துப்போகும். கண்ணாடியை இறக்கும் கம்பிகளுக்கும் இடம் விட்டு ஒட்டுங்கள். இந்த வேலையால் ரோட்டுச் சத்தமும் கொஞ்சம் குறையும். டீசல் வண்டியில் கதவுக்குச் செலவு செய்யாமல் வாட்ஸுக்குச் செலவு செய்பவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை.

இரண்டாவது ஸ்பீக்கர். சென்சிடிவிட்டி என்று டெசிபலில் ஓர் எண் போட்டிருப்பான், அதைப் பாருங்கள். 3 டெசிபல் கூடுதலாக இருக்கும் ஸ்பீக்கருக்கு அதே சத்தத்துக்குப் பாதி வாட்ஸ் போதும். 90க்கு மேல் இருந்தால் நல்லது. கோன் பாலிப்ரோப்பிலின், ஓரம் ரப்பர். ஃபோம் ஓரம் நம்ம வெயிலில் சில வருஷத்தில் பொடியாகிவிடும், பேப்பர் கோன் கதவுக்குள் வரும் ஈரத்துக்கு ஆகாது.

டாஷ்போர்டு டுவீட்டர்களைக் கழற்றிவிடுங்கள். அவைதான் காதைக் குத்துகின்றன. முன்கண்ணாடியில் நேராக அடித்துத் திரும்புகிற சத்தம் அது. நாதஸ்வரம் ஏற்கெனவே கூர்மையான வாத்தியம், அதன் பலமெல்லாம் நம் காது அதிகம் உணரும் இடத்தில்தான் இருக்கிறது. சில்க் டோம் டுவீட்டரும், ஒலியை உயர்ந்தது தாழ்ந்தது என்று பிரித்துக் கொடுக்கும் கிராஸ்ஓவரும் தனியாக வரும் காம்பொனன்ட் செட் வாங்கி, டுவீட்டரைச் சைடு மிரருக்கு உள்பக்கம் இருக்கும் முக்கோணத்தில் வையுங்கள். நாதஸ்வரத்தில் வாய் வைத்து ஊதும் சீவாளியின் கரகரப்பு தெரியும், ஆனால் குத்தாது.

மூன்றாவது ஆம்ப்ளிஃபயர். டி கிளாஸ் (சூடாக வீணாவது குறைந்த வகை), 50 வாட்ஸ் ஆர்எம்எஸ் வீதம் 4 சேனல். முழுக்க ஏற்றினாலும் சுமார் 18, 20 ஆம்பியர்தான் இழுக்கும். பேட்டரியிலிருந்து வருவது 10 ஸ்கொயர் எம்எம் செம்பு ஒயராக இருக்கட்டும். ஒயர் கிட் என்று பாக்கெட்டில் விற்பதில் பல அலுமினியத்தின் மேல் செம்பு பூசியவை. கடையிலேயே ஓர் இழையை பிளேடால் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். இரண்டு சேனல் கதவுகளுக்கு, மற்ற இரண்டும் இப்போதைக்குச் சும்மா இருக்கட்டும். பின்னால் சப் வேண்டுமென்றால் அவற்றைப் பிரிட்ஜ் செய்துகொள்ளலாம், அதாவது ஒன்றாக இணைத்துக்கொள்ளலாம்.

உத்தேசமாக ஷீட் 3,000, ஸ்பீக்கர் 5,000, ஆம்ப்ளிஃபயர் 7,000 அல்லது 8,000, ஒயர் 2,000. உங்கள் பணத்துக்குள் அடங்கும். கடைக்குக் கடை விலை மாறும், பேரம் பேசுங்கள்.

செட்டிங்கை அவசரப்பட்டு முடிக்காதீர்கள். கதவு ஸ்பீக்கருக்கு ஹைபாஸ் ஃபில்டர் (அதற்குக் கீழான ஒலியைத் தடுப்பது) 80 ஹெர்ட்ஸ், பேஸ் பூஸ்ட் பூஜ்யம், லவுட்னஸ் ஆஃப். கெயினை (ஆம்ப்ளிஃபயர் சிக்னலைப் பெருக்கும் அளவு) காதால் வைக்காமல் மல்டிமீட்டரால் வையுங்கள். ஸ்பீக்கர் ஒயரைக் கழற்றி, ஸ்டீரியோ வால்யூமை முக்காலில் வைத்து, 1000 ஹெர்ட்ஸ் டோன் ஒன்றை ஓடவிட்டு, ஆம்ப்ளிஃபயர் அவுட்புட்டில் ஏசி வோல்ட் அளந்துகொண்டே கெயினை ஏற்றுங்கள். 50 வாட்ஸை 4 ஓம்ஸால் பெருக்கினால் 200, அதன் வர்க்கமூலம் 14.1. மீட்டர் 14 தொட்டதும் நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் போனால் அலையின் தலை வெட்டுப்படும், நீங்கள் சொன்ன கரகரப்பு அதுதான். டுவீட்டர் எரிவதும் பெரும்பாலும் அதனால்தான்.

ஸ்டீரியோவில் டைம் அலைன்மென்ட் இருந்தால் அதையும் செய்யுங்கள். ஒலி ஒரு மில்லி செகண்டில் 34 சென்டிமீட்டர் போகும். உங்கள் தலையிலிருந்து வலது ஸ்பீக்கர் 80 சென்டிமீட்டர், இடது 140 என்று வைத்துக்கொண்டால் வித்தியாசம் 60. வலது ஸ்பீக்கரை 1.8 மில்லி செகண்ட் அளவு தாமதப்படுத்தினால் இரண்டும் ஒன்றாக வந்து சேரும். செட்டிநாட்டு வீட்டில் வளவில் உட்கார்ந்து மேளம் கேட்டிருக்கிறீர்களா தம்பி? மேலே வானம், சுற்றிலும் தூண், மைக்கே வேண்டாம். நாதஸ்வரம் ஓர் இடத்தில், தவில் ஓர் இடத்தில், நிற்கும் இடம் நிற்கும் இடமாகத் தெரியும். மைக் செட் காலத்திலேயே அதைத்தான் நான் பிடிக்கப் பார்த்தேன். இரும்பு கேபினில் அது முழுசாக வராது, ஆனால் உட்கார்ந்து மெனக்கெட்டால் நிறையவே வரும்.

செக்காலை

அண்ணா, நான் காது பரிசோதனை செய்யும் வேலையில் இருக்கிறேன். லாரி, பிக்கப் ஓட்டும் அண்ணன்கள் நிறையப் பேர் வருகிறார்கள், ஜன்னல் பக்கக் காது முதலில் மந்தமாகியிருக்கும். 85 டெசிபல் சத்தத்தை எட்டு மணி நேரம் வரை கேட்கலாம் என்பது நாங்கள் வைத்துக்கொள்ளும் அளவு. 88 ஆனால் நாலு மணி நேரம், 91 ஆனால் இரண்டு மணி நேரம். 3 டெசிபல் ஏறினால் நேரம் பாதி. ராத்திரி முழுக்க ஓட்டுகிறவர் ரோட்டுச் சத்தத்துக்கு மேல் பாட்டை ஏற்றினால் இந்த அளவைச் சுலபமாகத் தாண்டிவிடுவார். மைக்செட் ஐயா சொன்னபடி கதவை அடக்கினால் பாட்டைக் குறைத்தே கேட்கலாம், அதனால் எனக்கும் அதுதான் முதல் வேலையாகப் படுகிறது. இறங்கிய பிறகு காதுக்குள் 'ஞொய்' என்று இருந்தால் அது எச்சரிக்கை. அடுத்த நடைக்கு வால்யூமைக் குறையுங்கள் அண்ணா.

கண்டனூர் வண்டி

இடையில் ஒரு சந்தேகம். தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழநிக்குக் காவடி கிளம்பும்போது எங்கள் வண்டியும் நடக்கிறவர்களுக்குச் சாமான் ஏற்றிக்கொண்டு பின்னாலேயே போகும். கேபின் ஆம்ப்ளிஃபயரிலிருந்தே ஒயர் இழுத்து மேலே இரண்டு குழாய் கட்டலாமா?

மைக்செட் காரைக்குடி

வேண்டாம் தம்பி. குழாயின் யூனிட் பெரும்பாலும் 8 அல்லது 16 ஓம்ஸ், சிலவற்றில் 100 வோல்ட் லைன் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும். 4 ஓம்ஸுக்குச் செய்த கார் ஆம்ப்ளிஃபயரில் கொடுத்தால் முழுச் சத்தம் எழும்பாது, யூனிட்டின் டயஃப்ரமும் தாழ்ந்த ஒலி பட்டுக் கிழிந்துவிடும். 12 வோல்ட் பேட்டரியில் ஓடும் மைக் செட் ஆம்ப்ளிஃபயரே தனியாகக் கிடைக்கிறது, மைக் பின்னும் இருக்கும். நடக்கிறவர்களுக்கு ஏதாவது சொல்ல வேண்டுமென்றாலும் உதவும். எஞ்சினை ஆஃப் செய்து பாட்டு ஓடவிடுவீர்கள், அதனால் அதற்குத் தனி பேட்டரி வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் காலையில் வண்டியைத் தள்ள வேண்டிவரும்.

வெளியே குழாய் கட்டினால் எழுத்துப்பூர்வமாக அனுமதி வாங்க வேண்டும். 2000ஆம் வருஷத்து ஒலி மாசு விதிகள் இருக்கின்றன. ராத்திரி 10 முதல் காலை 6 வரை கூடாது. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கோர்ட் இருக்கும் இடத்தை அமைதிப் பகுதியாக அறிவித்திருந்தால் சுற்றிலும் 100 மீட்டருக்கு எந்நேரமும் கூடாது. நடந்து களைத்தவர்கள் ராத்திரி தூங்கத்தான் வேண்டும், அந்த நேரத்தில் நிறுத்திவிடுங்கள்.

ஆத்தங்குடி லோடு

அண்ணே, ஷீட் வாங்கிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை டிரிம்மைக் கழற்றப்போகிறேன். ஸ்பீக்கர் வைக்கும் ஓட்டை பழைய ஸ்பீக்கருக்கு வெட்டியது, கோணல்மாணலாக இருக்கிறது. தச்சரிடம் எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த) பலகையில் வளையம் வெட்டிக்கொள்ளலாமா? செக்காலைத் தங்கச்சி காது பற்றிச் சொன்னதையும் குறித்துக்கொண்டேன், நன்றி.

மைக்செட் காரைக்குடி

எம்டிஎஃப் வேண்டாம், ஒரு ஐப்பசி மழையில் ஊறி உப்பிவிடும். கெட்டியான பிளாஸ்டிக்கில் ரெடிமேட் வளையம் கிடைக்கும். கிடைக்காவிட்டால் மரைன் பிளைவுட்டில் வெட்டி எல்லாப் பக்கமும் இரண்டு கோட் பெயிண்ட் அடித்து மாட்டுங்கள். வளையத்துக்கும் தகட்டுக்கும் நடுவில் ஃபோம் டேப் சுற்றுங்கள், சந்து இருக்கக் கூடாது. போல்ட் இறுக்கும் முன் ஜன்னல் கண்ணாடியை முழுக்க இறக்கிப் பாருங்கள், காந்தத்தில் இடிக்கிறதா என்று. வளையம் கனமாக இருந்தால் காந்தம் கண்ணாடியை விட்டு விலகி நிற்கும், ஆனால் டிரிம் மூடாது. இரண்டுக்கும் நடுவில் கனத்தைப் பிடியுங்கள்.

டிரிம் கிளிப்பில் நாலைந்து கட்டாயம் உடையும், முன்னாலேயே வாங்கி வையுங்கள். டிரிம்முக்குப் பின்னால் இருக்கும் பாலித்தீனைக் கிழித்துப் போடாதீர்கள். மழைத் தண்ணீரைத் தடுப்பது அதுதான், திரும்ப ஒட்ட வேண்டும். கதவுக்கும் பில்லருக்கும் நடுவில் உள்ள ரப்பர் குழாய் வழியாகப் புது ஒயர் இழுக்கும்போது கொஞ்சம் தளர்வு விடுங்கள். கதவைத் திறந்து மூடி அங்கேதான் ஒயர் முறியும்.

மாட்டி முடித்ததும் செல்லை மறுபடி தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் டிரிம்மை மூட வேண்டும். சப் பற்றி இப்போது யோசிக்க வேண்டாம். கோயம்புத்தூர் ஒரு நடை போய்வந்து, எந்த இடத்தில் தவில் போதவில்லை என்று எழுதுங்கள், அதை வைத்துப் பெட்டி அளவு சொல்கிறேன்.